பல் செட் தூளில் கட்டிய ஸ்டேஷன்

என் தங்கை பல் செட் செய்பவள். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் சாந்து ஊற்றித் தாடையை எடுப்பது, அதன்மேல் மெழுகில் ஈறு வைப்பது, ஈறில் பல்லைப் பல்லாக நடுவது, பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தூளைக் குழைத்து அடைத்து வேகவைப்பது, கடைசியில் தேய்த்து மெருகேற்றுவது, எல்லாம் அவள் வேலை. லேப் என்று சொல்கிறார்களே தவிர, அது மருந்துக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் நீளமான அறை. ஒரே சன்னல், அதன் கீழே மேசை. சுவரில் பலகை அடித்து, ஊராருடைய தாடைகளைப் பெயர்ச் சீட்டுக் கட்டி வரிசையாக வைத்திருப்பாள். குழைக்கும் திரவத்தின் நெடி முதலில் கண்ணில் ஏறும், பிறகுதான் மூக்குக்குத் தெரியும்.

யாராவது பேசினால் அவள் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைப் பார்ப்பாள். காது மந்தம் போலிருக்கிறது என்று பலர் நினைத்ததுண்டு. அதெல்லாம் இல்லை. எதிரே இருப்பவர் சிரிக்கும்போது அவள் கடைவாய்ப்பல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோபமும் அவளுக்கு அந்தச் சாந்து மாதிரிதான். ஊற்றியவுடன் ஒன்றும் தெரியாது. தண்ணீர் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் சூடு ஏறியிருக்கும். அதற்குப் பிறகு உளி இல்லாமல் ஆகாது.

அவளுடைய வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வாய்தான். ஒரு சங்கதி அவர் வாய்க்குள் போனால் வெளியே வரும்போது இரண்டு சுற்று பருத்திருக்கும். கேட்பவருக்கும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு சாவு வீட்டில்கூட அவரைச் சுற்றி நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ரயில் விஷயம் அவர்கள் மகளின் கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கியது. மகளின் அறை காலியாக இருந்தது. தங்கை தூரிகை வாங்கப் போன கடையில், வட்டமாகத் தண்டவாளம் வைத்த ஒரு சின்னப் பொம்மை ரயிலைப் பார்த்து வாங்கி வந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, சுத்துது, பார்க்க நல்லா இருக்கு என்றாள். மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். இந்த வயதில் பொம்மையா, வெளியே சொல்லாதே என்றார். அவள் வெளியே சொல்லவில்லை. ஒட்டுப்பலகையில் மேசை செய்தாள். லேபில் மிஞ்சிய சாந்தில் மலை கட்டினாள். வட்டம் வளைந்து வளைந்து அறையைச் சுற்றி வந்தது.

அந்த மலைக்கு நடுவே ஒரு ஸ்டேஷன். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பல் செட்டுக்கும் தூளைக் கொஞ்சம் அதிகமாகத்தான் குழைக்க வேண்டியிருக்கும். மிஞ்சியது இறுகிவிடும், குப்பையில் போடுவார்கள். அவள் அதை இறுகுவதற்கு முன் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி மெல்லிய தகடாக்கினாள். தகட்டை வெட்டிச் சுவராக்கினாள். ஈறில் வரி கீறும் கருவியால் செங்கல் கீறினாள். மேலே சாம்பலும் கரியும் கலந்த சாயம். காத்திருக்கும் கூடம், சிக்னல் அறை, தண்ணீர்த் தொட்டி, நடைமேடைக் கூரை எல்லாம் அப்படி வந்தவைதான். நடைமேடையில் நிற்கும் பயணிகள், நிறம் ஒத்துவரவில்லை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிய செயற்கைப் பற்களில் செதுக்கியவர்கள். கடைவாய்ப்பல் ஒன்று குண்டான ஒரு மனிதராகி, பெட்டிமேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். அந்த ஸ்டேஷன் மட்டும் தனிப் பலகையில் இருந்தது. நாலு திருகைக் கழற்றினால் மேசையிலிருந்து தனியாக வந்துவிடும்.

பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொள்வதை நிறுத்தினார். ரயில் மாதிரிகள் செய்பவர்களின் கிளப் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துச் சேர்ந்தார். கிளப் கூடுவது சனிக்கிழமை மாலை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய செட்டுகளுக்கு மெழுகு வைக்கும் நேரம் அது. தங்கை ஒருநாளும் போனதில்லை. நானும் போனதில்லை. அங்கே என்ன பேசினார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கிளப் கண்காட்சி வைத்தது. ஸ்டேஷன் பலகையை மட்டும் எடுத்துப் போய்க் காட்டுகிறேன் என்றார். தங்கையே திருகைக் கழற்றி, துணி சுற்றி, கிளப் வேனில் ஏற்றிவிட்டாள். கண்காட்சி முடிந்த வெள்ளிக்கிழமை மாலை அவள் லேபிலிருந்து வந்து அந்த அறையின் விளக்கைப் போட்டபோது, மேசையின் நடுவே ஒரு கதவு அகலத்துக்கு வெற்றிடம். இரண்டு பக்கத் தண்டவாளமும் அந்தரத்தில் நின்றன. ஓரத்தில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் நீளமான, பளபளக்கும் ஒரு என்ஜினின் படம்.

"ஸ்டேஷன் எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

மாற்றிக்கொண்டேன் என்றாராம். கண்காட்சிக்கு வந்த ஒரு கடைக்காரர் ஸ்டேஷனைக் கேட்டார், பதிலுக்கு இந்த வெளிநாட்டு என்ஜினைக் கொடுத்தார், இந்த என்ஜின் நம் ஊரில் வேறு யாரிடமும் கிடையாது என்று பெருமையாகச் சொன்னாராம். எந்தக் கடைக்காரர் என்றால், கண்காட்சிக்கு மூன்று கடைக்காரர்கள் வந்தார்கள், அதில் ஒருத்தர், முகவரிச் சீட்டுக் கொடுத்தார், எங்கேயோ வைத்துவிட்டேன் என்றாராம். அவள் பெட்டியின் படத்தைப் பார்த்து, இவ்வளவு நீளமான என்ஜின் நம்முடைய வளைவில் திரும்பாது என்றிருக்கிறாள். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னது இது:

"உனக்கென்ன, கொஞ்ச நாள் உக்காந்தா இன்னொண்ணு பண்ணிட மாட்டியா?"

இதை அவள் என்னிடம் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து மேசைமேல் வைப்பதுபோலச் சொன்னாள்.

அன்றிரவு எனக்குப் போன் வந்தது. எடுத்ததும், வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்றாள். இருக்கிறது, ஏன் என்றேன்.

"காலைல வா. பின் சீட்ட மடிச்சுப் போட்டுட்டு வா."

கிளப் செயலாளரிடம் கேட்டு மூன்று கடைகளின் முகவரியையும் வாங்கி வைத்திருந்தாள். மூன்றும் நெடுஞ்சாலையில் ஒன்றுக்கு அப்பால் ஒன்று. போன் செய்து கேட்டால் என்ன என்றேன். போனில் கேட்டால் உள்ளே தூக்கி வைத்துவிடுவான், நேரில் போனால்தான் கிடைக்கும் என்றாள். திங்கட்கிழமை செட்டுகள் தாமதமாகும் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

காலையில் மாப்பிள்ளை வாசல்வரை வந்தார். நானும் வருகிறேன் என்றார். அவள் காதில் வாங்கவில்லை. என்ஜின் பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தாள். "அது எதுக்கு, வழியில ஆடும், இங்கயே இருக்கட்டும்" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை அவள். அடுத்தவன் பொருள், கொடுத்துவிட்டு நம்முடையதை வாங்கி வரப்போகிறோம், நாம் ஏன் தொடவேண்டும் என்றாள்.

முதல் கடை ஒரு டயர் கடையின் மாடியில். படியெல்லாம் ரப்பர் வாடை. கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சார் எந்த அளவு மாதிரிகள் வைத்திருக்கிறீர்கள் என்றார். நான் வண்டி ஓட்ட வந்தவன் என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். தங்கையைப் பார்த்து, மேடம் அப்படி உட்காருங்கள், ஃபேன் போடுகிறேன் என்றார். அவள் நின்றபடியே ஒரு ஸ்டேஷனைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னாள். பேரனுக்கா என்று கேட்டார். எனக்கு என்றாள். அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார்.

கண்காட்சியில் இருந்த ஸ்டேஷன் என்று விளக்கினோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டேஷன் அவரிடம் இல்லை. ஆனால் பார்த்திருக்கிறார், எப்படி மறப்பேன் என்றார்.

"அந்த மனுஷன் கைய கண்ணுல ஒத்திக்கணும் சார்" என்று என்னிடம்தான் சொன்னார். "எப்படிப் பண்ணினீங்கன்னு எல்லாரும் சுத்தி நின்னு கேட்டோம். வெளிநாட்டு அட்டை, பிளேடு, அவ்வளவுதான்னாரு. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம்தான் உக்காருவேன், வீட்ல பாத்தா திட்டுவாங்கன்னாரு."

நான் தங்கையின் பக்கம் திரும்பவில்லை. திரும்பவேண்டிய தேவையே இருக்கவில்லை.

நன்றி சொல்லிவிட்டுக் கீழே வந்தோம். காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். முன் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்:

"யாரு திட்டுனா?"

நான் வண்டியை எடுத்தேன். ஒரு பலகை போய்விட்டது என்றுதான் கிளம்பியிருந்தோம். இப்போது போனது வேறு என்று தெரிந்துவிட்டது. அவள் கோபம் போகட்டும், எனக்கே ஸ்டீயரிங்கைப் பிடித்த கை வலித்தது. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு உட்கார்ந்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் தங்கிய நாட்களில் அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரியும். அடுத்த அறையில் மாப்பிள்ளையின் குறட்டை கேட்கும்.

நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். அவளுக்கு யார்மேலாவது பாய வேண்டியிருந்தது. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"நீங்கல்லாம்தான பாத்துக் கட்டி வச்சீங்க" என்றாள்.

"நான் பாக்கல. அப்பா பாத்தாரு. பொண்ணு பாக்க வந்தப்ப நான் நாற்காலி எடுத்துப் போட்டேன்."

"அதுல யாரு உக்காந்தா?"

"மாப்பிள்ளை."

"பாத்தியா."

இடப்பக்கம் ஒருவன் குறுக்கே வந்தான். கண்ணாடியை இறக்கி அவனை நன்றாகத் திட்டினேன். அவன் அவ்வளவு பெரிய தப்பு செய்யவில்லை.

இரண்டாவது கடை ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்பாதி. பூட்டியிருந்தது. சாப்பிட்டு வருகிறேன் என்று அட்டை தொங்கியது. வெயிலில் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் வந்தார், மெலிந்த ஆள், பூட்டைத் திறப்பதற்கு முன்பே வாசலில் வைத்துக் கேட்டோம். அவரும் ஸ்டேஷன் தன்னிடம் இல்லை என்றார். கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றார். கண்காட்சியின் கடைசி நாள், மாப்பிள்ளை, அந்த வெளிநாட்டு என்ஜின் உங்களிடம் இருக்கிறதா, இருந்தால் ஸ்டேஷனைத் தருகிறேன் என்று முதலில் இவரிடம்தான் வந்தாராம். இவரிடம் என்ஜின் இல்லை. பிறகு அடுத்த மேசைக்குப் போனாராம். கடைசியில் மூன்றாவது கடைக்காரர் கொடுத்தாராம்.

ஆக, கடைக்காரர் யாரும் வந்து கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் கூவிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஒவ்வொரு மேசையா" என்றாள் தங்கை.

மூன்றாவது கடை இன்னும் தூரம். போய்ச் சேர்ந்தாலும் அடைத்திருப்பார்கள் என்று அவர் சொன்னதால் வழியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மாலையில் மாப்பிள்ளையின் அழைப்பு எனக்கு வந்தது, அவள் எடுக்கவில்லை என்பதால். சிலிண்டர் தீர்ந்துவிட்டது, மாற்ற யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். அவரே மாற்றலாம் என்றேன். கொஞ்சம் தயங்கி, என்ஜின் பெட்டியைப் பிரித்துப் பார்த்தீர்களா மச்சான் என்றார். இல்லை என்றேன். நல்லது, பிரிக்காதீர்கள் என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை கடை திறந்த சிறிது நேரத்தில் போய்விட்டோம். பெரிய தெரு, பெரிய கண்ணாடிச் சன்னல். சன்னலுக்கு வெளியே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே, நடுவே, அவளுடைய ஸ்டேஷன். இரண்டு பக்கமும் புதுத் தண்டவாளம் சேர்த்து ரயில் விட்டிருந்தார்கள். ரயில் உள்ளே வந்து, நின்று, கிளம்பிப் போனது. கடைவாய்ப்பல் மனிதர் பெட்டிமேல் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அட்டையில் மாப்பிள்ளையின் பெயர், கொட்டை எழுத்தில், கைவண்ணம் என்று போட்டு.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம், ஒரு ஆம்பளை கையில் இவ்வளவு நுணுக்கம் பார் என்றார். தங்கை அவரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கடைக்காரர் பருத்த மனிதர், பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவரும் என்னைத்தான் வரவேற்றார். தங்கை குறுக்கே வந்து நின்றாள்.

"சன்னல்ல இருக்கறது என்னோடது. எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். யார் என்று தெரிந்ததும் அவர் குரலைத் தணித்துக்கொண்டார். நான் திருடவில்லை, உங்கள் வீட்டுக்காரரே கொண்டுவந்து கொடுத்தார், நாலு பேர் முன்னால் மாற்றிக்கொண்டோம் என்றார். அவர் செய்ததாக இருந்தால் அவர் கொடுக்கலாம், செய்தது நான் என்றாள்.

"வீட்ல இருக்கவங்களுக்கு வருத்தம் இருக்கும், புரியுதும்மா. புருஷன் பொண்டாட்டி விஷயத்த கடையில வச்சுப் பேச வேணாம். சார், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"நான் சொல்ல வந்தவன் இல்ல" என்றேன். "அவ பேசுவா, கேளுங்க."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல் செட்டு யாரு பண்ணினது? பேசும்போது பின்னால தூக்குது. சாப்பிடறப்ப கழட்டி வச்சிடுவீங்க."

அவர் கை தானாக வாய்க்குப் போனது.

"அதுவும் இதுவும் ஒரே தூளு. கத்தி குடுங்க."

கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் சன்னலுக்குள் எட்டிச் சிக்னல் அறையைத் திருகி எடுத்தாள், கவிழ்த்தாள், சாயம் படிந்த உள்சுவரில் கத்தி நுனியால் ஒரு கோடு இழுத்தாள். சாம்பல் உதிர்ந்தது. கீழே இளஞ்சிவப்பு.

"இது ஈறு. நடைமேடையில நிக்கறவங்க எல்லாம் பல்லு. அட்டையும் இல்ல, பிளேடும் இல்ல."

கண்ணாடிக்கு அருகில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்.

கடைக்காரர் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தார். தொழில் தெரிந்தவர், புரிந்துகொண்டார். அவள் செய்தது என்பதை ஒப்புக்கொள்வதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. ஸ்டேஷனை விடுவதில்தான் சிரமம். சன்னலில் அது வந்ததிலிருந்து கடையில் கூட்டம். எனவே ஒரு வழி கண்டுபிடித்தார். அட்டையில் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாம், குடும்பமாகச் செய்தது என்று இருக்கட்டும் என்றார்.

"அவர் பேரு எதுக்கு? என்ன பண்ணினாரு, லைட்டு சுவிட்ச அணைச்சாரா?"

கடைக்காரர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். சரி, என்ஜினைத் திருப்பிக் கொடுங்கள், பலகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நியாயம்தான். நான் போய்க் காரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். அவரே ஒட்டுநாடாவைக் கிழித்துத் திறந்தார்.

என்ஜினின் முன் சக்கரங்கள் முறிந்து ஒரு பக்கமாகத் தொங்கின. சக்கரங்களை இணைக்கும் கம்பி வளைந்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சாயம் உரிந்திருந்தது.

இப்போது அவருக்குக் கோபம் வந்தது, அதுவும் நியாயமான கோபம். இந்த என்ஜின் அகலமான வளைவில்தான் ஓடும், உங்கள் வீட்டு வளைவு எப்படி என்று நான் படித்துப் படித்துக் கேட்டேன், அதெல்லாம் தாராளம் என்றார் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்க சார், சன்னல்ல வச்சாச்சா? கூட்டம் எப்படி?" மாப்பிள்ளையின் குரல் கடை முழுக்க நிறைந்தது.

என்ஜின் உடைந்து வந்திருக்கிறது என்றார் கடைக்காரர்.

கொஞ்சம் மௌனம். எனக்கு அந்த மௌனத்தைத் தெரியும். ஒரு சங்கதி வாய்க்குள் போய் உருவாகிக்கொண்டிருக்கிறது.

"உடைஞ்சிருக்கா? அவ கீழ போட்டிருப்பா சார். இதெல்லாம் அவளுக்குத் தொடத் தெரியாது. எடுத்துட்டுப் போகாதன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

சன்னலில் ரயில் ஸ்டேஷனுக்குள் வந்து நின்றது. தங்கையின் கையில் கத்தி இன்னும் இருந்தது. அதை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. வெளுத்திருந்தது.

அந்த வீட்டுக்கு நான் போய்வருவது எத்தனையோ வருஷப் பழக்கம். மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்தியது கிடையாது. அன்று உயர்த்தினேன்.

"மாப்பிள்ளை, பெட்டிய இப்பதான் பிரிக்கிறோம். நான் பக்கத்துலயே நிக்கிறேன். வெள்ளிக்கிழமை அவ லேப்ல இருந்தப்ப நீங்க ஓட்டிப் பாத்து, வளைவுல கவுந்து தரையில விழுந்திருக்கு. அதத்தான் ஒட்டி வச்சிருக்கீங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

கடைக்காரர் உடைந்த என்ஜினையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு திருப்புளியை எடுத்துத் தங்கையின் முன்னால் வைத்தார். நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா, என் கணக்கை நான் அவரோடு பேசிக்கொள்கிறேன், அடுத்த கண்காட்சிக்கு அவர் வராமலா போய்விடுவார் என்றார். அட்டையைத் தானே எடுத்துக் கிழித்தார். பலகையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். தங்கை நடுவில் கை கொடுத்து வந்தாள். வாசலில் நின்றிருந்தவர்கள் என்னவென்று தெரியாமல் வழிவிட்டார்கள். ஆம்பளை கை என்று சொன்னவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பலகை வண்டிக்குள் முழுதாகப் போகவில்லை. பின்கதவு திறந்தபடியே கயிறு கட்டினோம். கடைக்காரர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்த மேல் செட்டை என்னம்மா செய்யலாம் என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு டாக்டரிடம் புதிதாக அச்சு எடுக்க வேண்டும் என்றாள். அவ்வளவு கோபத்திலும், இதைச் செய்தவன் கையை உடைக்கவேண்டும் என்று சேர்த்துக்கொண்டாள்.

பலகைக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கில் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் ஒரு கையால் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் யாரையும் முந்தவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அழுத்தித் தீர்த்தார்கள். ஊருக்குள் நுழையும்போது, வீட்டுக்கா என்று கேட்டேன்.

"லேபுக்கு."

அதைச் சந்துக்குள் திருப்பி ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மேசையின் சன்னலோரத்தில் வைத்தோம்.

இதெல்லாம் நடந்து மழைக்காலமே வந்துவிட்டது. ஸ்டேஷன் லேபில்தான் இருக்கிறது. இரண்டு முனையிலிருந்தும் தண்டவாளம் போட்டிருக்கிறாள். தாடைகள் வைத்த பலகைகளுக்குக் கீழே ரயில் ஓடுகிறது. செட்டு வாங்க வருகிறவர்கள், வாயில் பல் இல்லாமல் நின்று, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகிறாள், சமைக்கிறாள், தூங்குகிறாள். மாப்பிள்ளையிடம் வேண்டியதைப் பேசுகிறாள். மகளின் அறையை மட்டும் திறப்பதில்லை.

அவர் லேபுக்குப் போய்க் கேட்டார். என்ஜின் விஷயத்தில் தப்பு நடந்துவிட்டது, மன்னித்துக்கொள், ஸ்டேஷனை வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்றார். கொண்டுவரலாம், எந்த வாயால் கிளப்பில் சொன்னீர்களோ அதே வாயால் அங்கே போய், செய்தது யார் என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்றிருக்கிறாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எப்படிச் சொல்வது, முகத்தில் துப்புவார்களே என்றார். அவள் ஒரு கீழ் செட்டைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். அவர் வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறார். மச்சான், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்கிறார். நான் டீ கொடுக்கிறேன். அவர் பேசுவதை முன்போல ரசிக்க முடியவில்லை. அவள் எப்படியோ, எனக்கு இன்னும் ஆறவில்லை. "அவ கீழ போட்டிருப்பா" என்ற அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. அவர் வீட்டுச் சோற்றை நானும் தின்றிருக்கிறேன், அதை நினைத்துத்தான் கதவைத் திறக்கிறேன்.

போன வாரம் ஒரு புது ஏற்பாட்டோடு வந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினோம்னு கிளப்பில் சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொள்வாளா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார். தூது போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை லேபுக்குப் போய்ச் சொன்னேன், அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல்.

தேய்க்கும் மோட்டாரை நிறுத்தினாள். கையிலிருந்த செட்டை ஊதித் தூசி போக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கிளப்பு சனிக்கிழமை சாயங்காலம் கூடுது. வழி அவருக்கு நல்லாவே தெரியும்" என்றாள்.

மறுபடியும் மோட்டாரைப் போட்டாள்.